டவுன் ஹால் மாதிரி தூண்

எங்கள் தீவின் லோவு கிராமத்தில் கரும்பு போட்டவர்களில் புத்தி பேதலித்தவர் யார் என்று அந்த வருடம் கேட்டிருந்தால், அம்மா யோசிக்காமல் அப்பாவைக் காட்டியிருப்பார். பட்டாளம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் ஆக்லாந்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த மாமா எங்களையும் வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். எந்தப் பாத்திரத்தை யாருக்குக் கொடுப்பது என்றுகூட அம்மா முடிவு செய்துவிட்டார். அப்பாவோ எங்கள் தகரக்கூரை வீட்டின் முன்னால் கான்கிரீட் தூண்கள் எழுப்பிக்கொண்டிருந்தார்.

“தூணு முடியட்டும், கெளம்பிடலாம்” என்பார். வேறு பேச்சே கிடையாது.

அதுவும் சாதாரணத் தூணா? வெள்ளைக்காரன் கட்டிய டவுன் ஹாலின் முகப்பில், முக்கோண நெற்றியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறதே, அந்த மாதிரி வேண்டுமாம். உருண்டையாக, தலையில் சுருள் வைத்து. ஒருவழியாக எழுப்பியும் விட்டார். பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்கு முட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. எங்கே தப்பு என்று அளந்து பார்த்தே தீருவது என, ஒரு சனிக்கிழமை என்னையும் கயிற்றையும் இழுத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினார்.

ஊரெங்கும் பட்டாளத்துக்காரர்கள் நின்ற சமயத்தில், டவுன் ஹால் தூணை நான் கட்டிப்பிடித்துக்கொள்ள, அப்பா கயிற்றோடு சுற்றி வந்தார். எனக்கு மானம் போயிற்று. பனைமரம் போல ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு வந்து, “கா கரே ஹை?”, என்ன செய்கிறீர்கள் என்று இந்தியில் அதட்டினார். நான் அழத் தயாரானேன். அப்பா கொஞ்சமும் அசராமல், தன் வீட்டுத் தூணின் கஷ்டத்தை இந்தியில் விளக்க ஆரம்பித்துவிட்டார். சிப்பாய் அண்ணாந்து பார்த்தார். துப்பாக்கியைப் படியில் சாய்த்துவிட்டு, என்னைத் தூக்கித் தன் தோள்மேல் நிறுத்திக்கொண்டார். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

கீழே சரியாக முட்டிய கயிறு, மேலே நான் சுற்றிப் பார்த்தபோது ஒரு சாண் மிஞ்சியது.

“மேல போவப் போவ ஒல்லியாவுது பாரு!” அப்பா குதித்தார். சிப்பாயும் சிரித்தார். தப்பைக் கண்டுபிடித்தவருக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே சொன்னார்: “எல்லாத்தையும் இடிச்சிட்டு மொதல்லேர்ந்து கட்டணும்.”

வருடம் முழுக்கக் கத்திய அம்மா அன்று கத்தவில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதார். வாங்கிய சிமெண்டெல்லாம் வீணாய்ப் போனதற்கு அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், “கவலப்படாதம்மா, இந்தத் தடவ அளவு சரியா இருக்கு, சீக்கிரம் முடிச்சிடுவாரு” என்று ஆறுதல் சொன்னேன்.

அந்த மனிதருக்கு முடிக்கிற உத்தேசமே கிடையாது என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.