அரண்மனைக் கடையின் கிறிஸ்மஸ் பெட்டி

எண்பதுகளின் கடைசியில், லண்டனுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், ஓர் இறைச்சிக் கடையின் பின்கட்டில் எனக்கு வேலை கிடைத்தது. அரண்மனைக்கு இறைச்சி அனுப்பும் கடை அது. வாசலுக்கு மேலே சிங்கமும் கொம்புக் குதிரையும் தங்க நிறத்தில் நிற்கும். மகாராணியாருக்குப் பொருள் வழங்க நியமனம் பெற்றவர்கள் என்று அதன்கீழ் எழுதியிருக்கும். அதைக் காட்டுவதற்காக முதல் நாள் மட்டும் முதலாளி என்னை முன்வாசலால் கூட்டிப்போனார். பிறகெல்லாம் குப்பைத்தொட்டிச் சந்துதான்.

பெசன்ட் என்கிற காட்டுப்பறவைகளின் இறகு பிடுங்குவது என் வேலை. அவற்றைக் கழுத்தில் கட்டி நாட்கணக்கில் தொங்கவிடுவார்கள். அப்போதுதான் ருசி ஏறுமாம். அந்த நாற்றம் தலைமயிரில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். முதல் கிழமை முழுக்கச் சத்தி எடுத்தேன்.

அரண்மனைக்குப் போகிறவற்றை முதலாளியே ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துத் தெரிந்தெடுப்பார். பழுதென்று ஹோட்டல்கள் திருப்பி அனுப்புகிறவற்றின் காலில் நான் நீல நூல் கட்டி, எறிவதற்கான தொட்டியில் போடவேண்டும்.

கிறிஸ்மஸ் நெருங்கியபோது, பின்கட்டுப் பெண்களுக்கு முதலாளி ஆளுக்கொரு பெட்டி தந்தார். மூடியில் அதே தங்கச் சின்னம். “அரண்மனையில் சாப்பிடுவதை நீங்களும் சாப்பிடப்போகிறீர்கள்” என்று சொல்லிக் கைகொடுத்தார்.

லண்டனின் மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து நான் கோட்டைக் கழற்றுமுன்பே, கணவர் சிநேகிதருக்குப் போன் எடுத்துவிட்டார்.

“மச்சான், மனுசியோட வா. ராணி வீட்டுச் சாப்பாடு!”

வந்த சிநேகிதர் மூடியைத் தடவிப் பார்த்தார். “அக்கா, பெட்டியை எறிஞ்சுபோடாதேங்கோ. ஷோகேசில வைக்கலாம்.”

திறந்தேன். கடுதாசிக்குள் பச்சை பாரித்த தோல். தொடையில் புழு நெளிந்தது. காலில் நீல நூல். சிநேகிதரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினார்.

“இது நீர் கட்டின நூலோ?” என்றார் கணவர்.

“ஓம். எறியச்சொல்லி நான் தொட்டியில போட்டது.”

மறுநாள் காலை முன்வாசலால் போனேன். மென்மயிர்க் கோட்டுப் போட்ட சீமாட்டிகள் வரிசையில் நின்றார்கள். கண்ணாடி மேசைமேல் பெட்டியை வைத்துத் திறந்தேன்.

முதலாளி குனிந்துகூடப் பார்க்கவில்லை. “இந்தப் பறவை இப்படித்தான் இருக்கவேண்டும். உங்கள் ஆட்களுக்கு இதன் ருசி தெரியாது.”

“அப்படியென்றால் நீங்கள் சாப்பிடுங்கள்” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவர் மூடியைப் பொத்தினார். ஓரத்தால் கசிந்த நீர் தங்கச் சின்னத்தில் பட்டுவிட்டது. உடனே கைலேஞ்சியை எடுத்து, அதை மட்டும் பவுத்திரமாகத் துடைத்தார். புழுவைக் கண்டபோது வராத அருவருப்பு அப்போதுதான் எனக்கு வந்தது. ஒரு சீமாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினார். மற்றவர்கள் வரிசை குலையாமல் நின்றார்கள்.

ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். தை மாதம் ஆஸ்பத்திரி ஒன்றில் துணி தோய்க்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் நாற்றம்தான், ஆனால் அதை ருசியென்று யாரும் சொல்லவில்லை. இறைச்சி தின்பதை நான் அந்தப் பெட்டியோடு விட்டேன். கணவரும் விட்டார், ஆனால் இரண்டு கிழமையில் மறுபடி தொடங்கிவிட்டார். தனக்குத் தானே சமைத்துக்கொள்கிறார்.