கொண்டு வந்தார்கள்

ஒரு வினைச்சொல்லுக்காக நான் அடி வாங்கியது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வருடத்தில். அப்போது எனக்கு ஏழு வயது. காஜா பெராங்கில் வீடு. நடந்து போகிற தூரத்தில் தமிழ்ப்பள்ளி.

சித்தப்பா மூவாரில் பலகை அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். மெர்டேக்காவுக்கு வந்து, என்னைச் சைக்கிளில் பண்டார் ஹிலிர் திடலுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் ஆலையில் அவருக்கு அடிபட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "தம்பியக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். அவர்கள் பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து தமிழை மறந்துவிட்ட செட்டி குடும்பம். எங்களைப் போலவே விபூதி பூசுவார்கள், பேச்செல்லாம் மலாய். அந்த வீட்டு அம்மாளை மச்சிக் என்று கூப்பிடுவேன். சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மச்சிக் சன்னலைச் சாத்திவிட்டு, "சுடா பாவா பாலே" என்று தன் மகளிடம் மெல்லச் சொன்னார். திரும்பக் கொண்டுவந்தாயிற்று என்று அர்த்தம்; ஆளானாலும் பொருளானாலும் மலாயில் 'பாவா' என்ற அந்த ஒரே சொல்தான். எங்கள் வீட்டுப் பக்கமிருந்து யாரோ உரக்கச் சொன்னது கேட்டது: "கொண்டாந்துட்டாங்க." பிறகு ஒரே அழுகை. அடிபட்டு வந்திருக்கிறார், அழத்தானே செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் இரவு என்னை வீட்டுக்கு அழைத்துக்கொண்டபோது சித்தப்பா இல்லை. "ஊருக்குப் போயிருக்காரு" என்றார் அம்மா. வந்தவர் என்னைப் பார்க்காமலே போய்விட்டாரே என்று அவர் மேல் ஆத்திரம் வந்தது. இப்படி ஒரு குழந்தையிடம் சொல்லலாமா என்று இந்த வயதிலும் எனக்கு ஆத்திரம்தான். ஆள் மட்டும் மாறிவிட்டது.

பள்ளிக்கு மறுபடி போன அன்று தமிழ்ப்பாடம். வாத்தியார் புதியவர். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடை மாடியில் குடியிருந்தார். எங்கள் பக்கத்துச் செய்தி எதுவும் அவருக்குத் தெரியாது. 'கொண்டு வா' என்று கரும்பலகையில் எழுதி, வாக்கியம் கேட்டார். நான்தான் முதலில் எழுந்தேன்.

"அப்பா மூவாரிலிருந்து சித்தப்பாவைக் கொண்டு வந்தார்."

வகுப்பே சிரித்தது.

"உங்க சித்தப்பா என்ன அரிசி மூட்டையா? ஆளக் கூட்டிட்டு வரணும், மாட்ட ஓட்டிட்டு வரணும். சாமானத்தான் கொண்டு வரணும்" என்றார் வாத்தியார்.

"இல்ல சார். எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

எதிர்த்துப் பேசியதாக உள்ளங்கையில் ரூலர் விழுந்தது. மணியடிக்கும் வரை வராந்தாவில் நின்றேன். வலியைவிட, காதால் கேட்டதைச் சொன்னதற்கு அடியா என்ற கொதிப்புதான் பெரிதாக இருந்தது.

வீடு திரும்பியபோது உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெங்கேராவிலிருந்து அத்தை வந்திருந்தார். "பொழுது சாயற நேரத்துல கொண்டாந்தாங்க" என்று அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிவந்த கையை எல்லோர் முன்னாலும் நீட்டினேன்.

"கொண்டாந்தாங்கன்னு சொல்லாதீங்கம்மா. உங்களாலதான் எனக்கு அடி. சித்தப்பா என்ன சாமானா? கூட்டிட்டு வந்தாங்கன்னு சொல்லுங்க."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா கையை ஓங்கியபடி எழுந்தார். அப்பா குறுக்கே வந்து என் கையைப் பிடித்து, சிவந்த இடத்தைத் தடவினார்.

"புள்ளைய ஒண்ணும் சொல்லாத. அது சொல்றது சரிதான். கூட்டிட்டுத்தான் வந்திருக்கணும்."

சொல்லிவிட்டுப் பின்பக்கம் குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் வகுப்பு தொடங்குமுன் வாத்தியார் மேசைக்கே போனேன். "சார், எங்கப்பாவும் நீங்க சொன்னதுதான் சரின்னுட்டாரு. சித்தப்பாவக் கூட்டிட்டுத்தான் வந்திருக்கணுமாம்."

சித்தப்பா எப்படி வந்தார் என்பதை அதற்குள் அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். "போய் உக்காரும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த வருடம் முழுவதும் அவர் என்னை ஒரு வாக்கியம்கூடச் சொல்லச் சொல்லவில்லை. நான் கையைத் தூக்கினாலும், என்னைத் தாண்டி அடுத்த பெண்ணிடம் போய்விடுவார். தப்பை ஒத்துக்கொண்ட பிறகும் இப்படித் தண்டிக்கிறாரே, என்ன மனிதர் இவர் என்று தினமும் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பொருமுவேன். அப்பா எழுந்து குழாயடிக்குப் போய்விடுவார்.