மூச்சு வாங்குவது யாருக்கு?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பால் பாக்கெட்டும் கத்திரிக்காயுமாக மாடி ஏறிக்கொண்டிருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் இரண்டாவது மாடி. முப்பத்தாறு படி. பதினெட்டாவது படியில் நின்று, கீழே நிற்கும் ஸ்கூட்டர்களை எண்ணினேன். பதினொன்று.

எண்ணுவது என் பழக்கம்தான். ஆனால் அன்று எண்ணியது, மூச்சு வாங்கியதை மறைக்க!

மறைக்க விடுவார்களா? நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்குக்குள் நாலைந்து மாவட்டம் குடியிருக்கிறது. மேலிருந்து இறங்கிய திருநெல்வேலிக்காரர் கேட்டார்: "என்ன சார், இளைக்குதோ?"

முதல் மாடி மதுரை அம்மா கதவைத் திறந்தார். "இப்படி இரைக்குதே, தண்ணி தரவா?"

கீழே காய் விற்கும் குறிஞ்சிப்பாடி அம்மாவின் குரல்: "மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிகினு ஏன் சார் ஏறுறீங்க? செத்த குந்துங்க!"

ஒரே மூச்சுக்கு மூன்று பெயர். டாக்டரிடம் போனால் 'மூச்சுத்திணறல்' என்று நான்காவது வரும். இதில் எதை ஒப்புக்கொண்டாலும் வீடு போய்விடும் என்பதுதான் என் கவலை.

குவார்ட்டர்ஸ் என் மகன் பெயரில் இருக்கிறது. சுரங்கத்தில் ஷிப்ட் வேலை அவனுக்கு. தரைத்தளக்காரர் ஒருவர் வீடு மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். மகன் படிவத்தோடு என் பின்னாலேயே அலைந்தான். எனக்குத் தரைத்தளம் ஆகாது. கொசு, தவளை, மேல்வீட்டுத் தண்ணீர்... எங்கள் பால்கனிக் காற்று அங்கே வருமா?

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குப்பா. மூச்சு வாங்குதுன்னு எழுதிடட்டுமா?"

"யாருக்கு வாங்குது? எழுதாதே!"

இரண்டு நாள் கழித்து மதுரை அம்மா என்னை நிறுத்தினார். "நீங்க ஒரு தடவைதான் நிக்கிறீங்க சார். அக்கா தனியா வர்றப்ப நாலு இடத்துல உக்கார்றாங்க."

அக்கா என்றால் என் மனைவி.

ஸ்கூட்டரை எண்ணினேன். படியை எண்ணினேன். இதை எண்ணவில்லையே...

மகனைக் கூப்பிட்டேன். "அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு எழுது."

"எனக்கா?" என்று சமையலறையிலிருந்து வந்தாள் மனைவி. "நான் நல்லாத்தான் இருக்கேன். உங்களுக்குத்தான் புஸ்ஸு புஸ்ஸுங்குது. உங்க பேரைப் போடச் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல!"

"அப்ப எனக்கும் இல்ல!"

நாற்பது நிமிடம் நடந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் உட்கார்ந்திருந்த மகன் பேனாவைத் திறந்தான். "ரெண்டு பேருக்கும் வேணாம். எனக்குத்தான் வாங்குது!" அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டான்.

தரைத்தளத்துக்கு வந்துவிட்டோம். நாங்கள் இருவரும் சௌக்கியம். மகனைத்தான் மெடிக்கல் டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்!