முதுகுக்குப் பின்னால் காட்டிய மூன்று விரல்

ஃப்ளோரா அம்மையார் அன்று மேடையில் பாட முடியாமல் நின்றதற்கு அவருடைய தொண்டை காரணமல்ல. நான் காரணம். கைதவறிச் செய்ததல்ல, தெரிந்தே செய்தேன்.

செங்கல்பட்டில் இன்றும் அந்தப் பேச்சு வந்தால், "பாவம், வயசாயிட்ச்சி, கொரலு போய்ட்ச்சி" என்று முடித்துவிடுகிறார்கள். நானும் கூடவே தலையாட்டுகிறேன். நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் சொல்ல வருகிறது... அறிந்தவர்களிடம் வாயே திறப்பதில்லை.

என் பெயர் சேவியர். சாக்ஸபோன் வாசிப்பவன். கல்யாணம், சாவு, மாதா தேர் என்று எல்லாவற்றுக்கும் பேண்டு வாசித்துப் பிழைக்கிற கூட்டம் எங்களுடையது. சனிக்கிழமை மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓர் ஓட்டலில் ஜாஸ் வாசிப்போம். கித்தாருக்கு டேவிட், பியானோவுக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர். பாடுவது என் மனைவி ஸ்டெல்லா.

கேட்க வருகிறவர்கள் வெள்ளைக்காரப் பயணிகளும் கல்பாக்கத்து இன்ஜினியர்கள் சிலரும்தான். உப்புக்காற்றில் கித்தார்க் கம்பி துருப்பிடிக்கும், சுருதி நிற்காது. பெரிய வாழ்வு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமையை நினைத்துக்கொண்டுதான் மற்ற நாளெல்லாம் சாவுக்கு ஊதினோம்.

ஃப்ளோரா எங்கள் ஊர்க்காரர். ரயில்வே கார்டு ஒருவரின் மகள். நான் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் சென்னையின் பெரிய ஓட்டல்களில் பாடியவர். பாடும்போது லண்டன்காரி என்று சத்தியம் செய்வீர்கள். மேடையை விட்டு இறங்கியதும், "இன்னாபா, டீ வந்துச்சா?" என்பார். அவருடைய இசைத்தட்டு ஒன்றைத் தேயத் தேயக் கேட்டுத்தான் நான் ஜாஸ் என்பதையே கற்றேன். நான் ஊதுவதில் பாதி அவர் பாடியதுதான்.

பாட்டை நிறுத்தி வெகுகாலமாகியிருந்தது. ஏரிப் பக்கம் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் எனக்குத் தோன்றியது... அவர் உயிரோடிருக்கும்போதே, அவர் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு மாலைக் கச்சேரி நடத்தினால் என்ன? ஆம், அந்த யோசனையே என்னுடையது. அவரைக் கௌரவிக்கப் புறப்பட்டவனும் நான்தான்.

ஓட்டல் மேனேஜர் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை வைத்தார். கடைசிப் பாட்டை ஃப்ளோராவே பாட வேண்டும். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை அவருக்குத்தான். மதுவிலக்கு திரும்பி வந்ததிலிருந்து கூட்டம் குறைந்துபோயிருந்தது. "ரெண்டு சிங்கர் கட்டுப்படியாவாது மிஸ்டர் சேவியர்," என்றார்.

நான் சரியென்றேன். எவ்வளவு தாராளம் பாருங்கள். அவரால் இனி முன்போலப் பாட முடியாது என்று உள்ளூர நம்பியவனுக்குத் தாராளமாக இருப்பதில் என்ன சிரமம்?

விஷயத்தைச் சொல்லப் போனபோது அவர் கிண்டலாகத்தான் பேசினார். "சனிக்கெழமைல வூட்ல எனக்கு இன்னா வேல கீது? சுவத்தப் பாத்துகினு குந்திகினுகீறேன். வந்து பாடறேன் நைனா." ஆனால் நான் தெருமுனையைத் தாண்டுவதற்குள் உள்ளே குரலைப் பழக்கும் சத்தம் கேட்டது. அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரியாதென்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஒத்திகை மாதா கோயில் வளாகத்துக் கூடத்தில் நடந்தது. அவர் பாடவேண்டியது அவருக்குப் பேர் வாங்கித் தந்த மழைப் பாட்டு. நாங்கள் அதை அப்படித்தான் சொல்வோம். ஸ்டெல்லா சனிதோறும் பாடுகிற பாட்டும் அதுதான்; இசைத்தட்டில் உள்ள அதே உயரத்தில், ஈ ஃப்ளாட்டில் பாடுவாள்.

"எனக்கு அவ்ளோ மேல எட்டாது நைனா," என்றார் ஃப்ளோரா. "கொஞ்சம் எறக்கிக் குடு."

"சி-ல வெச்சிக்கலாமா ஆன்ட்டி?"

"அதான் தோதா கீது."

இறக்கிக் கொடுத்தோம். அவர் பாடினார்.

என்ன சொல்ல... குரலில் பழைய மினுக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அவசரமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து தன் சொந்தக் கதையைச் சொல்வதுபோல் பாடினார். டேவிட் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெறுமனே கேட்டான். அதே பாட்டைச் சற்று முன் பாடியிருந்த ஸ்டெல்லா, பாட்டு முடிந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. செருப்பு வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

சனிக்கிழமை போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும்தான்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் காகிதம் பார்த்து வாசிப்பவர்களல்ல. மேடையில் கத்திப் பேசவும் முடியாது. அடுத்த பாட்டு எந்தச் சுருதியில் என்பதை, தலைமை வாசிப்பவன் முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டுவான். விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் சி. மூன்று விரலைக் கீழ்நோக்கி நீட்டினால் ஈ ஃப்ளாட். நம்மூர்க் கணக்கில் சி-யைவிட ஒன்றரைக் கட்டை உயரம். பின்னால் நிற்பவர்கள் விரலைப் பார்ப்பார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள். முன்னால் மைக்கைப் பிடித்து நிற்கிற பாடகிக்கு அந்தக் கை தெரியாது.

கச்சேரியன்று வெயில் தாழும்போதே புல்தரை நிறைந்துவிட்டது. ஸ்டெல்லா எல்லாப் பாட்டையும் நன்றாகப் பாடினாள். கடைசியில் ஃப்ளோராவை அழைத்தேன். நீலப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். கையைப் பிடித்து மேடையில் ஏற்றியதும் நான்தான். அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது.

மைக்கின்முன் நின்று, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மேனேஜர் முன்வரிசையில் இருந்தார். ஓரத்தில் ஸ்டெல்லா நின்றாள்.

சாக்ஸபோன் கழுத்தில் தொங்கியது. என் இடக்கை முதுகுக்குப் பின்னால் போனது. முட்டியாகத்தான் போனது... நம்புங்கள், நம்பாமல் போங்கள், முட்டியாகத்தான் போனது. பிறகு மூன்று விரலை நீட்டினேன்.

நான் முன்னிசையை ஊதினேன். அவர் முதல் சொல்லை எடுத்தார். இரண்டாவது வரியில் திரும்பி என்னைப் பார்த்தார். கோபப் பார்வையில்லை அது. அவசரமாக ஒன்றைக் கேட்கிற பார்வை. நான் கண்ணை மூடிக்கொண்டு, ரசித்து வாசிப்பவன் போல் ஊதினேன்.

அந்தக் காலத்துக் கலைஞர். பேண்டை நிறுத்தச் சொல்லமாட்டார். கூட்டத்தின்முன் எங்களைக் குறை சொல்லவும் மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பாடினார். பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்தது. குரல் கீறிக்கொண்டு உடைந்தது. மறுபடி எடுக்கப் பார்த்தார், காற்றுதான் வந்தது. மிச்ச வரிகளை நான் சாக்ஸபோனில் ஊதி நிரப்பினேன். அதற்கு எனக்குக் கைதட்டல் வேறு கிடைத்தது. நிலைமையைக் காப்பாற்றிவிட்டேனாம்!

கீழே இறங்கியதும் டேவிட் வந்தான். "இன்னா அண்ணாத்த, மூணு வெரலு காட்டுன? சி-ன்னுதான பேசிக்கினோம்?"

"பழக்க தோஷம்டா. ஸ்டெல்லாவுக்கு வாசிச்சி வாசிச்சி கை அப்படியே போயிட்ச்சி."

நம்பிவிட்டான். எங்கள் தொழிலில் யாருக்கும் வரக்கூடிய தவறுதான் அது. அந்த நிழலில்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

ஃப்ளோராவிடமும் அதையே சொல்லப் போனேன். நான் வாயெடுப்பதற்குள் அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"வுடு நைனா. நீ பழைய ஃப்ளோராவுக்கு வாசிச்ச. பழைய ஃப்ளோரா வர்ல. அவ்ளோதான்."

அதற்கு என்ன பொருள்? மரியாதைக்காக உயரமாய் வாசித்தேன் என்று நினைத்தாரா? எல்லாம் தெரிந்து, என்னைச் சும்மா விட்டாரா? இத்தனை நாள் புரட்டிப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒன்று சரியென்று தோன்றும், மறுநாள் மற்றது. இரண்டில் எதுவானாலும் எனக்குத் தாங்கக்கூடியதாக இல்லை.

ஸ்டெல்லாவுக்காகச் செய்தேன் என்று கொஞ்சகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. ஒத்திகையன்று அவர் பாடியபோது என் சாக்ஸபோனை எவரும் கேட்கவில்லை. நானே கேட்கவில்லை. அது என்னைக் கடித்தது. மனைவியின் பெயரை அதன்மேல் போர்த்திக்கொண்டேன்.

என்ன மிஞ்சியது? அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஓட்டல்காரர்கள் சனிக்கிழமைக் கச்சேரியையே நிறுத்திவிட்டார்கள். ஸ்டெல்லா இப்போது ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் பாடுகிறாள். ஃப்ளோரா அதன்பின் எங்கும் பாடவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் நலம் விசாரிப்பார். குரலைப் பழக்கும் சத்தம் கேட்கிறதா என்று அந்தத் தெருப்பக்கம் போய் நின்றிருக்கிறேன். கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் இறந்துபோனார்.

கல்லறையில் வாசிக்க எங்களைத்தான் கூப்பிட்டார்கள். ஜெபம் முடிந்ததும் மழைப் பாட்டை வாசிக்கலாமென்று பங்குச் சாமியாரே சொன்னார். பாட ஸ்டெல்லா முன்னால் வந்தாள். டேவிட் என் காதருகே குனிந்தான்.

"இன்னா ஸ்கேலு அண்ணாத்த?"

கையைப் பின்னால் கொண்டுபோனேன். முட்டி பிடித்துக் காட்டினேன். அவர் கேட்ட சி. அவருக்குத் தோதாக இருந்தது.

ஸ்டெல்லாவுக்குத் தோதாக இல்லை. கீழ் இடங்களில் அவள் குரல் நிலைகொள்ளாமல் தடுமாறியது. இரண்டாவது வரியில் அவளும் திரும்பி என்னைப் பார்த்தாள்... அதே கேள்வி, அதே பார்வை. இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. மூடியிருக்கலாம் என்று பிறகு நினைத்தேன்.

ஈரச் சாலையில் வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள். "இன்னாங்க, ஏன் அவ்ளோ எறக்கிட்டீங்க? அந்தப் பாட்ட நாம அப்படி வாசிக்கிறதே கெடயாதே?"

சொல்லியிருக்கலாம். தெருவில் யாருமில்லை. அவள் என் மனைவி, கேட்டதும் அவள்தான். நெஞ்சுவரைக்கும் வந்தது.

"மறந்துட்டேன்," என்றேன். "கை தவறிட்ச்சி."

அவள் அதையும் நம்பினாள். குடையை என் பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.