இருபத்திரண்டு வருஷ வழிப்போக்கர்

அமெரிக்காவில், கான்சாஸின் மேற்குக் கோடியில், இறைச்சி ஆலைக்குப் பின்தெருவில் போய் எலெயுத்தேரியோவை எந்த ஊர் என்று கேட்டால், "நான் சும்மா வழிப்போக்கன்" என்பார். இருபத்திரண்டு வருஷமாக அதே வீடு, அதே பல்லவி. வழிப்போக்கனாம்! கொல்லையில் சப்பாத்திக்கள்ளி வளர்த்து, முட்டையோடு வதக்கித் தின்னத் தெருவுக்கே வெட்டிக் கொடுக்கிற வழிப்போக்கனை எங்காவது பார்த்ததுண்டா? கட்டிலுக்கு அடியில் மட்டும் ஒரு பெட்டி எப்போதும் தயாராகக் கிடக்கும். டிசம்பரில் மெக்சிகோவுக்குத் திரும்பிவிடுவார். எந்த டிசம்பர் என்பதுதான் தெரியாது.

அந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. ஆலையில் பதினோரு வருஷம் கத்தி பிடித்து மணிக்கட்டு போன ஓட்டிலியாவுக்கு அந்தத் தெருவை எண்ணும் வேலை கிடைத்தது. அவள் மகனுக்கு எலெயுத்தேரியோ ஞானத்தகப்பன். அந்த உறவில் அவர் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவருக்குக் கொமாத்ரே.

போன கணக்கெடுப்பில் பாதித் தெரு, "நாங்க இந்த ஊரே இல்லம்மா" என்று கதவைச் சாத்திவிட்டது. மாவட்டத்தில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் கொஞ்சம்தான் என்று தாளில் ஏறியது. இத்தனூண்டு பேருக்காகவா என்று, மருத்துவமனைக்குக் கேட்ட ஸ்பானிஷ் தெரிந்த நர்ஸ் வராமலே போனாள். இந்த முறையும் குறைந்தால் இன்னும் பத்து வருஷத்துக்கு அதே கதிதான். எட்டு வீட்டில், "பெரியவர் எலெயுத்தேரியோ பேர் குடுக்கட்டும், அப்புறம் நாங்க" என்றுவிட்டார்கள். அவரிடம் மூன்று தடவை போயாயிற்று. மூன்று தடவையும் காபிதான் கிடைத்தது.

நாலாம் தடவை சோளமாவை மடலில் சுற்றி அவித்த சூடான தமாலேயோடு போனாள்.

"கொம்பாத்ரே, இந்த வீட்ல எத்தனை பேர்?"

"யாருமில்ல கொமாத்ரே. நான்தான் டிசம்பர்ல கிளம்புறேனே."

"உங்க பெட்டிக்குள்ள எலி பேரன் பேத்தியே எடுத்திருக்கும்."

"அடடா, இந்த வாய்க்கே உங்களை வேலைக்கு எடுத்திருப்பாங்க!" என்று சிரித்தார். "என் ஊர் மெக்சிகோவுல சகத்தேக்காஸ். அங்க எண்ணட்டும் என்னை."

"சரி, போங்க. சாயோவை யார்கிட்ட விட்டுட்டுப் போவீங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. சாயோ அவர் மனைவி. நாலு வருஷத்துக்கு முன்னால், எங்கே வலிக்கிறதென்று ஸ்பானிஷில் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களுக்குப் புரியாமலே அந்த மருத்துவமனையிலேயே உயிரை விட்டவள். இந்த ஊர்க் கல்லறையில்தான் இருக்கிறாள். கேட்டிருக்கக் கூடாதோ என்று ஓட்டிலியாவுக்குத் தோன்றியது.

அவர் தமாலேயைச் சுற்றியிருந்த சோள மடலைப் பிரித்தார்.

"எழுதுங்க. ரெண்டு பேர்."

"கொம்பாத்ரே... உயிரோட இருக்கறவங்களை மட்டும்தான்..."

"தெரியும். ஆனா வழிப்போக்கன் நான்தான். அவ இங்கயே தங்கிட்டா, பாருங்க."

ஓட்டிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று என்று எழுதினாள். கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது.

"வேற எங்கயாவது உங்களுக்கு வீடு, வாசல், தங்குற இடம் உண்டா?"

அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தார்.

"இல்லன்னு போடுங்க."

பிறகு எழுந்து, வாசலில் நின்று, தெரு அதிரக் கத்தினார்.

"டேய், எல்லாரும் கதவைத் திறங்கடா! இந்த ஊர்க்காரங்களை எண்ண வந்திருக்காங்க!"