மோட்டாரை நிறுத்தச் சொன்ன ஜின்

சென்ற சனிக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தவை:

1. காலையில் தரைத்தளத்தில் ஏதோ உறும ஆரம்பித்தது.

2. யாரோ அனுமதியில்லாமல் பெரிய நாய் வளர்ப்பதாகக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்.

3. நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தங்கள் நாய் தூங்கும் படத்தைச் சாட்சியாகப் போட்டார்கள்.

4. காவலாளி மஞ்சண்ணா கையில் தடியோடு ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கினார்.

5. எனக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. போர்வெல் மோட்டாரின் பேரிங் போய்விட்டது. கம்ப்ரசர்களின் சத்தத்தையும் அதிர்வையும் சோதிப்பதுதான் என் வேலை.

6. தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறாவதற்கு மட்டும் விளக்கம் தேவை. அந்தச் சத்தம் ஜீனத்தின் குரல் மாதிரியே இருந்தது.

ஜீனத் என் பெரியம்மாவின் மகள். என் கல்லூரி நாட்களில் ஜீவனஹள்ளியில் ஒரே வீட்டில் கீழே நாங்கள், மேலே அவர்கள். பி.காம் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் அவள் சொல்லும் "பிரசன்ட் மேம்" மேடத்துக்குக் கேட்காது. பக்கத்தில் இருப்பவள் கையைத் தூக்கிக் காட்டவேண்டும். அவ்வளவு மெல்லிய குரல். அவள்தான் எங்கள் ஹெவி மெட்டல் இசைக்குழுவின் பாடகி. பாடகி என்றால் உங்களுக்கு வேறு படம் மனதில் வரும். அவள் பாடவில்லை, உறுமினாள். தொண்டையை நெரித்துக் கத்துவதல்ல அது. வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ளி, தொண்டையின் மேல் மடிப்புகளை மட்டும் அதிரவிடும் நுட்பம். சரியாகச் செய்தால் தொண்டை கெடாது. கேட்பவர்களுக்குத்தான் கொஞ்சம் கலக்கமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் பாட்டு கிடையாது. யாரும் உட்கார்ந்து தடைசெய்ததல்ல. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவேண்டும் என்பதைப்போல, விவாதத்துக்கே வராத விஷயம். கல்யாணத்தில் மேளம் இல்லை, பேண்டு இல்லை. பெருநாளுக்குச் சின்னப் பெண்கள் தஃப் தட்டலாம், அதுவும் வயதுக்கு வரும்வரைதான். பெரியம்மாவின் போனில் அழைப்பு வந்தால் குருவி கத்தும். அந்தக் குருவியிலேயே ஏதோ ராகம் இருக்கிறதென்று பெரியப்பாவுக்குச் சந்தேகம் உண்டு.

எனக்கு மெட்டல் வந்தது பொறியியல் கல்லூரியில், காயத்ரி கொடுத்த ஒரு பென் டிரைவில். காயத்ரி மர்பி டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். எங்கள் குழுவின் டிரம்மர். அவளுடைய மாமா ஒரு காலத்தில் மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அது கலைந்தபோது டிரம் செட் இவளிடம் வந்துவிட்டது. முதல்முறை கேட்டபோது எல்லோரும் சொல்வதைப்போல அது எனக்குச் சத்தமாகப் படவில்லை. ஒழுங்காகப் பட்டது. இவ்வளவு துல்லியமாக எண்ணி வாசிக்கிறார்களே என்று பிடித்துப்போய், பழைய கிட்டார் ஒன்றை வாங்கி அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வீட்டுக்கு அதைக் கொண்டுவரும் எண்ணமே வந்ததில்லை. என் தைரியம் அந்த அளவுதான்.

ஜீனத்தின் குரல் வெளிப்பட்டது காக்ஸ் டவுன் ரயில் பாலத்தின் கீழே. பஸ்ஸில் வரும்போது இயர்போனின் ஒரு பக்கத்தை அவளிடம் கொடுத்திருந்தேன். இறங்கி நடக்கும்போது, "இது எனக்கு வரும்னு நெனைக்கிறேன்" என்றாள். மேலே ரயில் வரும்வரை காத்திருந்தாள். வந்ததும் வாயைத் திறந்தாள். ரயில் போய்விட்டது, சத்தம் நிற்கவில்லை. எதிரே கீரைக்கட்டோடு வந்த அம்மாள் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பீன்யா தொழிற்பேட்டையில் பயிற்சி செய்தோம். காயத்ரியின் அப்பா மேற்பார்வையாளராக இருந்த ஒரு தகர ஷெட். முதலாளிக்குத் தெரியும், மெஷினைத் தொடக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. பக்கத்து ஷெட்டில் ஞாயிறும் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓடும். டங், டங் என்று அது விழும் வேகத்துக்கு எங்கள் பாட்டெல்லாம் தானாகவே பொருந்திக்கொண்டது. அந்த பிரஸ் நின்றுபோன வாரங்களில் காயத்ரிக்குத் தாளம் தடுமாறும். இன்றைக்கும் யாராவது மெஷின் ஆயில் வாடையோடு பக்கத்தில் வந்து நின்றால், என் இடதுகை விரல்கள் தாமாக மடங்குகின்றன.

வீட்டில் நான் சொன்ன காரணம் கடைசி வருட புராஜெக்ட். பீன்யாவுக்கு அது அளவெடுத்துத் தைத்த காரணம். ஆனால் பி.காம் படிக்கும் பெண்ணுக்குத் தகர ஷெட்டில் என்ன புராஜெக்ட்? ஆகவே ஜீனத் எப்போதாவது ஒருமுறைதான் வருவாள். மற்ற நாட்களில் மொட்டைமாடி அறையில், குளிர்காலப் பஞ்சுப் போர்வைகளான ரஜாய்கள் அடுக்கிய அலமாரிக்குள் தலையை விட்டுப் பழகினாள். பஞ்சு சத்தத்தை நன்றாகவே விழுங்கும். நான் சோதித்துப் பார்த்துச் சொன்ன யோசனைதான்.

பாடல் வரிகள் பெரிய பிரச்சினையாக இருந்தன. மற்ற குழுக்கள் நரகம், பிணம், சாத்தான் என்று பாடுவார்கள். ஜீனத் ஒத்துக்கொள்ளவில்லை.

"நரகத்தப் பத்தி மதரஸாலயே எனக்கு நெறைய சொல்லிட்டாங்க. அத வெச்சு வெளையாட மாட்டேன்."

"அப்ப காதல்?" என்றாள் காயத்ரி.

"சீ! வீட்டுல தெரிஞ்சா?"

"லே, உறுமுறது தெரிஞ்சா பரவால்லயா?"

கடைசியில் பெரியம்மா வீட்டில் நாள்முழுக்கக் கத்துவதை அப்படியே வரிகளாக்கினோம். மோட்டாரை நிறுத்து. தொட்டி நிரம்பிடுச்சு. கேஸை மூடினியா. யார் ஃபேனைப் போட்டுட்டுப் போனது. உறுமலில் கேட்டால் உலகம் அழியப்போவதைப்போல இருக்கும். "தொட்டி" என்ற பாட்டுதான் எங்கள் சிறந்த படைப்பு என்று இப்போதும் சொல்வேன்.

ஒரு ஞாயிறு மதியம் அதே ஷெட்டில் நான்கு குழுக்கள் வாசிப்பதென்று ஏற்பாடானது. எங்களுடைய முதல் மேடை. மேடை என்றால் மரப்பலகை. ஜீனத் அதற்காக ஒரு மாதம் பழகினாள். நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, துணி எடுக்க மாடிக்குப் போன பெரியம்மா அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

அவர் கண்டது: மகளின் தலை ரஜாய்களுக்குள். கேட்டது: "மோட்டார நிறுத்து." சத்தம் கேட்டு மகள் தலையை வெளியே எடுத்தாள். அந்துருண்டை வாடையில் கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

பெரியம்மா கத்தவில்லை. கெட்டதை விரட்டும் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதிக்கொண்டே பின்பக்கமாகப் படியிறங்கினார்.

அன்று மாலை மாடிப்படியில் ஜீனத்தும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடலாமாடி?" என்றேன்.

"என்னன்னு? பாட்டுன்னா?"

"ஆமா."

"பாட்டுன்னா காலேஜ் போச்சு. ஒன் காலேஜும் போச்சு. தெருவுக்கே தெரியும், ஜமாஅத்து வரைக்கும் பேச்சு. ஜின்னுன்னா ஒரு ஹஜ்ரத். அவ்ளோதான்."

அந்தக் கணக்கில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. ஜின் என்று நாங்கள் யாரும் சொல்லவுமில்லை. பெரியம்மாவே முடிவு செய்திருந்தார், நாங்கள் மறுக்கவில்லை. பாடும் மகளைவிட, ஜின் பிடித்த மகள் அவருக்குத் தாங்கக்கூடியவளாக இருந்தாள். ஜின் பிடித்தது அவள் குற்றமில்லை அல்லவா?

ஓதிப் பார்க்க வந்த ஹஜ்ரத் வாணியம்பாடிக்காரர். சாந்தமான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து தேநீரை முடித்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்கினார்.

"என்ன கேக்குது அது? கோழி கேக்குதா, அத்தர் கேக்குதா?"

"இல்ல ஹஜ்ரத்" என்றார் பெரியம்மா. "மோட்டார நிறுத்தச் சொல்லுது."

"என்னா மோட்டாரு?"

"தண்ணி மோட்டாருதான். தொட்டி ரொம்பிடுச்சாம்."

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தோம். ரொம்பி வழிஞ்சிட்டுதான் இருந்துச்சு."

"அப்ப பொய் பேசுற ஜின்னு இல்ல."

அது தன்னுடைய சொந்த வாசகம் என்று பெரியம்மாவுக்குத் தோன்றவே இல்லை. தான் கத்துவது எப்படிக் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? நான் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். நான் பயத்தில் அழுவதாக நினைத்து எனக்கும் ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள்.

ஹஜ்ரத் சொன்ன பரிகாரம்: மாடி அறையைப் பூட்டவேண்டும்; பிள்ளைக்குத் தினமும் ஓதிய தண்ணீரோடு மிளகு, மஞ்சள், தேன் கலந்த பால்; வாரத்தில் ஒருநாளாவது அவளை அந்த வீட்டிலிருந்து தூரமாக, காற்றாட அழைத்துப்போகவேண்டும்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். "நீ ஞாயித்துக்கெழம பீன்யா போறல்ல? இவளையும் இட்டுட்டுப் போ. தூரமா இருக்கும்."

இப்படியாக, குடும்பத்தின் முழு சம்மதத்தோடும், டிபன் கேரியரில் நெய்ச்சோறோடும், எங்கள் பாடகி ஒவ்வொரு ஞாயிறும் பயிற்சிக்கு வந்தாள். அந்தப் பாலில் அவள் தொண்டை முன்னைவிடத் திடமானது. இதற்கெல்லாம் சிரிக்கவா பயப்படவா என்று தெரியாமல் காயத்ரி டிரம் குச்சியைக் கடித்துக்கொண்டிருப்பாள். "உங்க ஹஜ்ரத்து நம்ம மேனேஜரா வருவாராடி, கேட்டுப் பாரு" என்பாள்.

நிகழ்ச்சியன்று கறுப்புச் சட்டை போட்ட பையன்கள் ஷெட் நிறைய நின்றார்கள். ஜீனத் புர்காவிலும் நிகாபிலும்தான் வந்தாள், வேறெதில் வருவாள்? "காஸ்ட்யூம் சக்கத்தா இருக்கு மச்சா" என்று முன்வரிசையில் ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான். அது காஸ்ட்யூம் இல்லை, கமர்ஷியல் தெருவில் எடுத்தது என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

"தொட்டி" பாட்டின் நடுவில் மாலை அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். எங்கள் வழக்கப்படி மூவரும் நிறுத்தினோம். ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக்கூட நான் குறைத்தேன். ஒரு பள்ளிவாசல் முடிந்தால் அடுத்தது தொடங்கும், அது முடிந்தால் தூரத்தில் இன்னொன்று. அத்தனையும் முடியும்வரை அசையாமல் நின்றோம். பையன்களும் நின்றார்கள்; இது பாட்டின் பகுதி என்று நினைத்தார்கள் போலும். கடைசிப் பள்ளிவாசல் ஓய்ந்ததும் காயத்ரி நான்கு எண்ணினாள், ஜீனத் "மோட்டாரை" என்று ஆரம்பித்தாள். அந்த ஷெட்டின் தகரம் நடுங்கியதை நான் உள்ளங்காலில் உணர்ந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ இயந்திரங்களைச் சோதித்திருக்கிறேன். அப்படி எதுவும் என்னை நடுங்கவைத்ததில்லை. பிறகு ஒருவன் வந்து, அந்த மௌனத்தை யார் அமைத்தது என்று கேட்டான். ஜீனத் தன் பழைய குரலில் பதில் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை.

சூரியன் மறைந்து மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் வீட்டில் இருந்தோம்.

அடுத்த மாதம் ஆம்பூரிலிருந்து ஜீனத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் தோல் செருப்பு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். மேலே படிக்கவைப்பதாகச் சொன்னார். ஜீனத்துக்கு அவரைப் பிடித்திருந்தது. இதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதை வேறுமாதிரி ஆகிவிடும். ஜின் விஷயம் எப்படியோ அவர்கள் காதுவரை போயிருந்தது. பையனின் அம்மா தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தபடி பேச்சைத் தொடங்கினார்.

"எங்க நாத்தனாருக்கும் ஒண்ணு இருந்துச்சு. அதெல்லாம் இல்லாத வீடு ஏது? போயிடுச்சு. ஒங்களுது போயிடுச்சா?"

 எல்லோரும் ஜீனத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஜின்னைப் பற்றி அவ்வளவு பேர் அவ்வளவு சாதாரணமாகக் காத்திருந்ததை நான் பார்த்ததில்லை. அங்கிருந்தவர்களில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும், அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று. போகவில்லை என்றால் கல்யாணம் இல்லை. போய்விட்டது என்றால், அது இனி எங்கேயும், எந்தச் சுவருக்குப் பின்னாலும், ஒருமுறைகூடக் கேட்கக்கூடாது.

"போயிடுச்சு" என்றாள் ஜீனத். முதல்முறையாக அவளுடைய மெல்லிய குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள் எல்லோரும்.

அன்றிரவு அவளிடம், "இன்னும் யோசிச்சிருக்கலாம்டி" என்றேன்.

"யோசிச்சேன். எனக்குக் கல்யாணமும் பாட்டும் ரெண்டும் வேணும்தான். வந்தவங்க ரெண்டுல எது வேணும்னுதானே கேட்டாங்க" என்றாள். பிறகு தலைவலிக்கிறதென்று படுத்துவிட்டாள்.

ஜீவனஹள்ளி வீடு இப்போது இல்லை. இடித்து நான்கு மாடி கட்டிவிட்டார்கள், தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும். பீன்யா ஷெட் ஆன்லைன் சரக்குக் கிடங்காகிவிட்டது. காயத்ரி ஹைதராபாத்தில் இருக்கிறாள், டிரம் செட்டை ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டாள். அன்று நிகழ்ச்சியை யாரும் பதிவு செய்யவில்லை. முகம் தெரியாமல் இருந்தும், வேண்டாமென்று நாங்களே கேட்டுக்கொண்டிருந்தோம். ஜீனத் ஆம்பூரில் எம்.காம் முடித்து ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள், மைக் வைத்துக்கொண்டு. நன்றாக இருக்கிறாள். கணவருக்குச் சொன்னாயா என்று ஒருமுறை போனில் கேட்டேன். ஜின் இருந்தது அவருக்குத் தெரியும் என்றாள். அவளுக்குள் இருந்த அந்தக் குரலைப் பற்றி எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும், ஹஜ்ரத் ஓதி விரட்டிவிட்டார் என்றுதான் சொல்வார்கள்.