தின்கன்ஜூனில் தங்கிவிட்ட கஸ்மாக்

ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் வசிக்கும் ஜெயகுமாரி நெடுங்காலம் ஊரார் கல்யாணங்களில் டான்பௌக் கிண்டியவர். ரங்கூன் பிரியாணிக்கு அதுதான் பெயர். கூலி உண்டு, பாராட்டெல்லாம் தலைமைச் சமையல்காரருக்குப் போய்விடும். டிசம்பர் 31 மதிய விருந்துதான் அவர் பெயரில் வந்த முதல் ஆர்டர். சரியாக அமைந்தால் தனித்தொழில். சொதப்பினால் மறுபடி அடுத்தவர் அடுப்படியில் வெங்காயம்.

ஆர்டர் கொடுத்தவர் நிகார், அஸர்பைஜானிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் அஸர்பைஜானியர் ஒற்றுமை கொண்டாடும் நாள் அது. ரங்கூனில் அவர்கள் ஒரு மேசைக்குத்தான் தேறுவார்கள். அஸர்பைஜான் தலைநகர் பாகுவிலிருந்து நிகாரின் அம்மா செல்பேசித் திரையில் வந்திருந்தார்.

பிலோவ் என்னும் தங்கள் ஊர்ச் சோற்றுக்கு, பானை அடியில் மாவைப் பரப்பி, மேலே அரிசியைப் போட்டு வேகவைக்கச் சொல்லியிருந்தார் நிகார். ஜெயகுமாரி அப்படியே செய்தார். டான்பௌக் பானையின் மூடியை மாவால் ஒட்டுவார்கள். வெந்ததும் அதைப் பிய்த்து எறிவார்கள். இந்த மாவும் அப்படித்தான் என்று எண்ணி, சோற்றை மட்டும் அள்ளிக்கொண்டு டாக்சி ஏறிவிட்டார்.

மேசையில் குங்குமப்பூச் சோறு, தனியாக ஆட்டிறைச்சி. நிகார் தட்டுகளில் எதையோ தேடினார்.

"மா ஜெயா, கஸ்மாக் எங்க?" என்று பெயருக்கு முன் மரியாதைக்கு 'மா' சேர்த்து, பர்மிய மொழியில் கேட்டார்.

"அது என்னது சயாமா?" பர்மிய மொழியில் டீச்சரம்மாவுக்கு அதுதான் சொல்.

"அடியில போட்ட மாவு. மொறுமொறுன்னு இருக்குமே. அது இல்லாட்டி எங்கம்மா இதப் பிலோவ்னே ஒத்துக்க மாட்டாங்க."

ஜெயகுமாரி உடனே வீட்டுக்குப் போன் போட்டார். நாத்தனார் பவானி எடுத்தார்.

"பவானி, பானையத் தேச்சிட்டியா?"

"தண்ணி ஊத்தப் போனேன் அண்ணி. அண்ணன் விடல. அடியச் சுரண்டித் தின்னுக்கிட்டு இருக்கு."

"மிச்சம் இருக்கா?"

"பாதி இருக்கும். நானும் கொஞ்சம் ருசி பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"பாத்தது போதும். பானையோட அவர இங்க அனுப்பு."

ஜெயகுமாரி எதையும் மறைக்கவில்லை. "எறியிற மாவுன்னு நெனச்சிட்டேன் சயாமா. பாதிய எங்க வீட்டுக்காரர் தின்னுட்டார்."

நிகார் அதைத் தம் மொழியில் அம்மாவுக்குச் சொன்னார். அம்மா ஏதோ சொல்ல, மேசையே சிரித்தது.

"என்ன சொல்றாங்க சயாமா?"

"எங்க வீட்லயும் மொதல்ல காலியாகிறது அதுதானாம். தின்னவர உக்கார வச்சுச் சோறு போடச் சொல்றாங்க."

பானையைக் கட்டிப்பிடித்தபடி கணவர் சிவராஜ் வாசலில் நின்றபோது, அவருக்கு நாற்காலி தயாராக இருந்தது. மிச்சத்தை உடைத்து ஆளுக்கொரு துண்டு வைத்தார்கள். சிவராஜ் வேண்டாம் என்று தலையாட்டினார். யாரும் நம்பவில்லை.

பாத்திரங்களை எடுக்க வந்த ஜெயகுமாரியிடம் நிகார் சொன்னார்: "மார்ச்ல எங்களுக்கு நவ்ரூஸ் பண்டிகை. அதுக்கும் நீங்கதான். கஸ்மாக் ரெண்டு பானை."

"மூணா வைக்கிறேன் சயாமா," என்றார் ஜெயகுமாரி, கணவரைப் பார்த்தபடி.